கோளாறு வயரிலா, ஸ்லைடிலா, வாயிலா? ஆங்கில பிரசன்டேஷன் லேபுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. ஒலிப்பதிவில் அவளுக்குப் பன்மை வரவே இல்லை. 'ஸ்டூடன்ட்ஸ்' என்று அவள் சொல்வது எனக்கு 'ஸ்டூடன்ட்' என்றுதான் கேட்டது. 'ஃபைன்' எது, 'சைன்' எது என்று பிரிக்க முடியவில்லை. மூன்று வாரம் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தேன், மதிப்பெண்ணும் குறைத்தேன். நாலாவது வாரம் கரண்ட் போன ஒரு மத்தியானம், லேபைப் பூட்டிவிட்டு வேப்பமரத்தடியில் வகுப்பு. அங்கே அவள் பேசியபோது ஒவ்வொரு 'ஸ்'ஸும் சீட்டியடித்த மாதிரி தெளிவாக வந்தது. கோளாறு அவள் நாக்கில் இல்லை, காதில் மாட்டியிருந்த புளூடூத் இயர்போனில்.

குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டேன். கூடவே ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டேன்: முதலில் வயர், அடுத்து ஸ்லைடு, கடைசியில்தான் வாய். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன். எங்கள் லேபில் இருப்பது 30 மேசைக் கணினிகள். அவற்றில் பவர்பாயின்ட், ஒலியைப் பதிவு செய்து திருத்தும் ஆடாசிட்டி, குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் ப்ராட். அப்புறம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்கள். விலை கொடுத்து வாங்கும் லேங்குவேஜ் லேப் மென்பொருள் உங்களிடம் இருந்தாலும் அறிகுறிகள் ஏறக்குறைய இவையேதான்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு மாற்றுச் சோதனை. அதே மாணவரை வேறு கணினியில் பேச வையுங்கள். வேறு ஒருவரை இந்தக் கணினியில் பேச வையுங்கள். கோளாறு கணினியிலேயே தங்கிவிட்டால் வயர். ஆளோடு கூடவே போனால் வாய். பென்டிரைவோடு போனால் ஸ்லைடு. இரண்டு நிமிட வேலை. நான் அன்றைக்கே இதைச் செய்திருந்தால் ஒரு பெண்ணின் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

"மேம், ஒண்ணுமே பதிவாகல"

ஆடாசிட்டியில் சிவப்புப் பொத்தானை அழுத்தியாயிற்று, அலை எழும்பாமல் நேர்கோடாக ஓடுகிறது. முதலில் ஹெட்செட் வயரில் இருக்கும் மியூட் பொத்தானைப் பாருங்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பாதி நேரம் அதுதான்.

அடுத்து பின்னைப் பாருங்கள். போனோடு வரும் ஹெட்செட்டின் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். கேட்கிற வயரும் பேசுகிற வயரும் அந்த ஒரே பின்னுக்குள் வருகின்றன. பழைய மேசைக் கணினியில் பச்சை, பிங்க் என்று இரண்டு துளைகள். பச்சையில் செருகினால் காதில் கேட்கும், மைக் வேலை செய்யாது. மாணவர் தனக்குக் கேட்பதால் மைக்கும் ஓடுகிறது என்று நம்பிப் பேசி முடித்திருப்பார். ஒய் வடிவ ஸ்ப்ளிட்டர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. யுஎஸ்பி ஹெட்செட் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கு ஒரு தனிக் குணம் உண்டு: ஆடாசிட்டியைத் திறந்த பிறகு செருகினால் அதன் கண்ணில் படாது. ஒலிக் கருவிகளை மறுபடி தேடச் சொல்லும் ரீஸ்கேன் வசதி மெனுவில் இருக்கிறது. அதைத் தேட நேரமில்லாவிட்டால் மூடித் திறங்கள்.

இன்னும் நேர்கோடுதான் என்றால் இரண்டு இடம் பாக்கி. ஆடாசிட்டியில் வெப்கேமின் மைக் தேர்வாகியிருக்கலாம். மைக்கை நகத்தால் தட்டிப் பார்த்தால் அளவுமானி துள்ளுகிறதா என்று தெரிந்துவிடும். அல்லது விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், மைக்ரோஃபோனைப் பயன்படுத்த டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக விண்டோஸ் போட்ட கணினிகளில் இது அடிக்கடி மூடியிருக்கும்.

பதிவாகிறது, ஆனால் இரைச்சல்

அலையின் தலை சீவிய மாதிரி தட்டையாக இருந்தால் ஒலி அளவு மீறிவிட்டது. எந்த எஃபெக்டும் அதை முழுசாக மீட்டுத் தராது. மறுபடி பேச வைப்பதுதான் வழி. பேசும்போது மானியின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் ஆடட்டும்.

பக்கத்து சீட்டுக்காரர் குரலும் சேர்ந்து விழுகிறதா? விண்டோஸில் மைக்கின் லெவல்ஸ் பகுதியில் பூஸ்ட் என்று ஒன்று உண்டு. யாரோ ஒரு நாள் சத்தம் போதவில்லை என்று அதை 30 டெசிபெலுக்கு ஏற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அதைப் பூஜ்யத்துக்கு இறக்கி, மைக்கை வாயோரத்துக்குக் கொண்டு வாருங்கள், இரண்டு விரல் இடைவெளியில். வாய்க்கு நேர் எதிரே வேண்டாம். 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதிப் பட்டாசு வெடிக்கும். அப்புறம், 30 பேரையும் ஒரே நேரத்தில் பேச விடாதீர்கள். பாதிப் பேர் பதிவு செய்யட்டும், பாதிப் பேர் ஸ்லைடு திருத்தட்டும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் பற்றி ஒரு எச்சரிக்கை. மின்விசிறி ஓசையை எடுக்க அது நல்ல கருவி. பக்கத்து ஆள் பேச்சை எடுக்க ஆகாது. அதிகமாகப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும், 'ஸ்', 'ஃப்' போன்ற காற்றொலிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் பதிவில் நான் அதைத் தொடவே விடுவதில்லை.

'ஸ்', 'ஃப்' காணாமல் போகிறது

மரத்தடிக் கதை இதுதான். புளூடூத் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்கும்போது ஒரு தரம், அதன் மைக்கைத் திறந்ததும் இன்னொரு தரம். மைக் திறந்தவுடன் அது தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடுகிறது. பழைய வகையாக இருந்தால் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும். அதில் பாதி, அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் ஒலி எதுவும் பதிவில் ஏறாது. 'ஸ்' என்ற ஒலியின் பெரும்பங்கு வலு இருப்பதோ அதற்கு மேலேதான். பையில் ஓட்டை, சில்லறை மட்டும் விழுந்துவிடுகிற மாதிரி.

கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. ஆடாசிட்டியில் டிராக்கின் பெயரை அழுத்தி, எத்தனை ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். 4,000க்கு மேலே கத்தரியால் வெட்டியது போல வெறுமையாக இருந்தால் குற்றம் கருவியுடையது. தீர்வு எளிது: கேட்பதற்குப் புளூடூத்தை வைத்துக்கொண்டு, பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையோ வயர் மைக்கையோ தேர்வு செய்யுங்கள்.

வயர் மைக்கிலும் அந்த 'ஸ்' வரவில்லை என்றால், சரி, இப்போது வாய்க்கு வரலாம். தமிழ்ச் சொல் எதுவும் 'ன்ட்ஸ்' என்று மூன்று மெய்யை அடுக்கி முடிவதில்லை. அதனால் நம் நாக்கு ஒன்று கடைசி மெய்யை விழுங்கும், அல்லது 'ஸ்டூடன்ட்ஸு' என்று ஒரு உகரத்தைத் தாங்கலுக்கு வைக்கும். தனிச்சொல்லாக நூறு முறை சொல்ல வைப்பதில் பயனில்லை. பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைச் சேர்த்துக் கொடுங்கள். 'ஸ்டூடன்ட்ஸ் ஆர்' என்பதை 'ஸ்டூடன்ட்-ஸார்' என்று ஓட்டிச் சொல்லச் சொல்லுங்கள். மெய்மேல் உயிர் ஏறும் நம் புணர்ச்சிதான் இது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் இதை ஒரே முறையில் பிடித்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குத்தான் நான் புணர்ச்சியையும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கிறது.

மாதிரிப் பேச்சை மெதுவாக ஓட்டினால் பேய்க்குரல்

ஆடாசிட்டியில் ஓட்டும் வேகத்தைக் குறைக்கும் பட்டை குரலின் சுருதியையும் சேர்த்து இறக்கிவிடும். ஏற்ற இறக்கம் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அது கெடுதல். சேஞ்ச் டெம்போ என்ற எஃபெக்ட்டைப் போடுங்கள், சுருதி மாறாது. அல்லது விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள்.

அனுப்பிய ஃபைல் திறக்கவில்லை

ஏயுபி3 என்று முடிந்தால் மாணவர் சேமித்தது ஆடாசிட்டியின் வேலைக் கோப்பு. எக்ஸ்போர்ட் கொடுத்து எம்பி3 ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். எம்கேவி என்று முடிந்தால் ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிவு செய்திருக்கிறார். அதிலேயே ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் இருக்கிறது, நொடியில் எம்பி4 ஆகும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ மங்கலாக இருந்தால் 'வீடியோவா அனுப்பாதே, டாக்குமென்ட்டா அனுப்பு' என்று ஒரு வரி போதும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு தானாக ஓடுகிறது

இதை நான் ஒரு துறைக் கருத்தரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத் தயார் செய்திருந்த பெண். இரண்டாவது ஸ்லைடைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள், திரையில் மூன்றாவது வந்துவிட்டது. அவள் பின்னால் போக விசையை அழுத்தினாள். நாலு நொடியில் மறுபடி ஓடியது. மூன்றாவது முறை அவள் ஓட்டத்தோடு போட்டி போட்டுப் பேச ஆரம்பித்தாள், மூச்சு வாங்கியது, பாதியில் நிறுத்திவிட்டாள். 'பதற்றம்' என்று பக்கத்தில் இருந்தவர் குறிப்பெழுதினார்.

நடந்தது வேறு. முந்தின இரவு அவள் ரிஹர்ஸ் டைமிங்ஸ் போட்டு ஒத்திகை பார்த்திருக்கிறாள். முடிந்ததும் 'இந்த நேரக் கணக்கைச் சேமிக்கவா' என்று பவர்பாயின்ட் கேட்கும். 'எஸ்' கொடுத்துவிட்டாள். ஒத்திகையில் எந்த ஸ்லைடுக்கு எத்தனை நொடி எடுத்தாளோ, மேடையிலும் அத்தனை நொடியில் அது தானாக நகரும். ஒத்திகையை ஒழுங்காகச் செய்தவளுக்குக் கிடைத்த தண்டனை அது.

ஸ்லைடு ஷோ மெனுவில் 'யூஸ் டைமிங்ஸ்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் போதும். ஒத்திகையின் நேரக் கணக்கை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பவர்பாயின்ட் கேட்கும்போது 'நோ' கொடுக்கச் சொல்லுங்கள்.

தானாக ஓடுவதையே பயிற்சியாக ஆக்கவும் செய்யலாம், அது வேறு. 2003இல் தோக்கியோவில் அஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைத்தம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய பெச்சா குச்சா முறையில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 நொடி; மொத்தம் 6 நிமிடம் 40 நொடியில் பேச்சு முடிந்தாக வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 20 ஸ்லைடு தாங்காது. நான் ஐந்து ஸ்லைடோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்லைடைப் பார்த்தே படிக்கிறார்

லேபில் அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வெளியே பார்க்க ஒரே நோய், உள்ளே மூன்று.

கண்டுபிடிக்க ஒரு விசை போதும். மாணவர் படித்துக்கொண்டிருக்கும்போது 'பி' விசையை அழுத்துங்கள், திரை கறுப்பாகும். பஸ்ஸுக்கு வரும் 'பி', பேனாவுக்கு வருவது இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது பாருங்கள். நம் பிள்ளைகள் 'பின்' என்றும் 'பின்' என்றும் இரண்டு ஆங்கிலச் சொல்லை ஒரே மாதிரி சொல்லும்போது நாம் ஏன் கோபப்படுகிறோம் என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

திரை கறுப்பானதும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தட்டுத்தடுமாறியாவது தன் ஆங்கிலத்தில் தொடர்ந்தால், விஷயம் அவரிடம் இருக்கிறது. கண்கள்தான் பிடிமானம் தேடுகின்றன. 'குறிப்பு எதுவும் தெரியல மேம்' என்றால், பேசுபவருக்கு மட்டும் குறிப்பைக் காட்டும் பிரசன்டர் வியூ ஓடாததால் ஸ்லைடையே குறிப்பேடாக்கிக்கொண்டிருக்கிறார். அப்படியே வாயடைத்து நின்றால், அந்த வாக்கியங்கள் அவருடையவை இல்லை. இணையத்திலிருந்தோ ஏஐயிடமிருந்தோ இறக்கியவை.

இரண்டாவது வகை வெறும் வயர் வேலை. விண்டோஸ் பொத்தானோடு 'பி' அழுத்தினால் (இது பேனா 'பி') திரைத் தேர்வுகள் வரும். 'டூப்ளிகேட்' இருந்தால் லேப்டாப்பிலும் சுவரிலும் ஒரே காட்சிதான் தெரியும், 'எக்ஸ்டெண்ட்' ஆக்குங்கள். பிரசன்டர் வியூவில் குறிப்புப் பகுதிக்குக் கீழே எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறது, அதைக் காட்டிக் கொடுங்கள். புரொஜெக்டரே இல்லாத லேபில் பழக வேண்டுமா? ஆல்ட் பொத்தானோடு எஃப்5 அழுத்துங்கள், ஒரே திரையிலேயே பிரசன்டர் வியூ திறக்கும். ஒரு கட்டுப்பாடு மட்டும் வையுங்கள்: ஒரு ஸ்லைடுக்கு நாலு சொல்லுக்கு மேல் குறிப்பு கூடாது. முழு வாக்கியத்தை அங்கே ஒட்ட விட்டால் படிப்பது சுவரிலிருந்து லேப்டாப்புக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

முதல் வகைக்கு ஒத்திகை போதும். எழுத்துள்ள ஸ்லைடோடு ஒரு சுற்று, படம் மட்டும் உள்ள ஸ்லைடோடு ஒரு சுற்று, கறுப்புத் திரையோடு ஒரு சுற்று.

மூன்றாவது வகைதான் நேரம் கேட்கும். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன் சொட்டுநீர்ப் பாசனம் பற்றிப் பேச வந்தான். முதல் ஸ்லைடிலேயே 'மைக்ரோ இரிகேஷன்' என்று தொடங்கும் ஆறு வரி. திரையைக் கறுப்பாக்கினேன், சிலையாக நின்றான். "வீட்ல சொட்டுநீர் இருக்காப்பா?" என்று தமிழில் கேட்டேன். "முருங்கைத் தோட்டத்துக்குப் போட்டிருக்கோம் மேம்" என்றவன் அடுத்த இரண்டு நிமிடம் நிறுத்தவில்லை. உப்புத் தண்ணீர் ஓடினால், நீர் சொட்டும் டிரிப்பர் எப்படி அடைக்கும், அப்பா ஆசிட் விட்டு எப்படிக் கழுவுவார், அடைத்ததைக் கண்டுபிடிக்கக் காலையில் வரிசையாக எப்படி நடக்க வேண்டும், எல்லாம் வந்தது.

அடுத்த வாரம் அவன் கொண்டுவந்த ஸ்லைடில் ஒரு படம்தான். போனில் எடுத்தது, வெள்ளை உப்பு படிந்த ஒரு டிரிப்பர். கீழே பெரிய எழுத்தில் 'மணிக்கு 4 லிட்டர்' என்று ஆங்கிலத்தில். அவன் பேசியது இப்படி: "திஸ் ஹோல் வெரி ஸ்மால். சால்ட் கம், ஹோல் க்ளோஸ். வாட்டர் நோ." சிரித்தார்கள். ஆனால் அந்த வகுப்பில் அதுவரை யாரும் அப்படி எங்களைப் பார்த்துப் பேசியதில்லை. பதிவை ஆடாசிட்டியில் அவனே போட்டுக் கேட்டான், மூன்று வாக்கியத்தையும் அவனே திருத்தினான். மூன்றாவது பதிவில் "சால்ட் க்ளோசஸ் தி ஹோல், அண்ட் தி வாட்டர் டஸ் நாட் கம்" என்று வந்தது. ஆறு வரியை மனப்பாடம் செய்திருந்தால் இந்த 'டஸ் நாட்' அவனுக்குச் சொந்தமாகியிருக்காது.

ஸ்லைடில் எழுத்தே கூடாது என்று சிலர் ஒரே போடாகப் போடுவார்கள். சொல்வதையே திரையிலும் வரிக்கு வரி காட்டினால் மனதுக்கு இரட்டைச் சுமை என்று பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் சொல்கிறார். ஆனால் அந்தக் கருத்துக்கு ஒரு விலக்கும் உண்டு: தாய்மொழி அல்லாத மொழியில் கேட்பவர்களுக்குத் திரை எழுத்து கைகொடுக்கும். நம் வகுப்பில் கேட்பவர்களும் தடுமாறுபவர்கள்தானே. அதனால் கலைச்சொல், எண், பெயர் இந்த மூன்றையும் திரையில் விட்டுவைக்கச் சொல்கிறேன். வாக்கியம் வேண்டாம்.

மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறார்

'குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல் ப்ரெசென்ட் ஹியர்' என்று தொடங்கினால் பெரும்பாலும் இந்த வகை. பத்தாம் வகுப்பில் செய்யுள் ஒப்பித்த அதே ராகம். 'நிறுத்திப் பேசு' என்று சொல்லிப் பார்த்தேன், அடுத்த வாக்கியத்திலேயே வண்டி கிளம்பிவிடும்.

மருந்து பவர்பாயின்டின் ஒரு குறைபாட்டில் கிடைத்தது. அதில் குரலோடு பதிவு செய்யும்போது, ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறுகிற அந்தக் கணத்தில் பேசுவது பதிவாகாது. ஸ்லைடை மாற்றிக்கொண்டே பேசினால் சொல் வெட்டுப்படும். பலர் இதை மைக் கோளாறு என்று என்னிடம் கொண்டு வருவார்கள். நான் திருத்திக் கொடுப்பதில்லை. டிரான்சிஷனை வேண்டுமென்றே இரண்டு நொடிக்கு நீட்டி வைக்கிறேன். வெட்டுப்படாத பதிவு வேண்டுமானால் ஒவ்வொரு ஸ்லைடு மாறும்போதும் இரண்டு நொடி வாயை மூடியே ஆக வேண்டும். ஐந்தாறு பதிவில் அந்த மௌனம் பழகிவிடுகிறது. நான் சொல்லிக் கேட்காததை மென்பொருள் சொல்லிக் கேட்கிறார்கள்!

வேகம் எவ்வளவு என்று தெரிய, பேச்சை எழுத்தாக்கிச் சொற்களை எண்ணி நிமிடத்தால் வகுக்கலாம். 120, 130 என்பது நம் பிள்ளைகளுக்கு வசதியான வேகம். 170ஐத் தாண்டினால் கேட்பவர் கைவிட்டுவிடுவார். மைக்ரோசாஃப்ட் 365 கணக்கும் நெட்டும் இருந்தால் பவர்பாயின்டின் 'ரிஹர்ஸ் வித் கோச்' இந்தக் கணக்கை அதுவே போட்டுத் தரும், ஸ்லைடைப் பார்த்துப் படித்தாலும் காட்டிக் கொடுக்கும்.

வாக்கியத்துக்கு ஒரு 'ஆக்சுவலி'

தமிழில் பேசும்போது நாம் போடும் 'வந்து' இருக்கிறதே, அது ஆங்கில வேடம் போட்டு வந்திருக்கிறது. 'நான் வந்து, இந்த டாபிக்ல வந்து' என்று சொல்பவர்தான் 'ஆக்சுவலி மை டாபிக் ஆக்சுவலி' என்கிறார். கையைக் காட்டித் தடுத்தால் இன்னும் அதிகமாகும்.

அவரையே எண்ண விடுங்கள். ஆடாசிட்டியில் பதிவை ஓட்டிக்கொண்டே, 'ஆக்சுவலி' கேட்கும்போதெல்லாம் கன்ட்ரோலோடு எம் விசையை அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும். முடிவில் திரையைப் பார்த்தாலே ஆளுக்குச் சிரிப்பு வந்துவிடும், கொடியில் துணி காயப்போட்ட மாதிரி லேபிள்கள். அப்புறம் அவை எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஸ்லைடு மாறும் இடத்தில் குவிந்திருந்தால் இணைப்புச் சொல் தெரியவில்லை: 'நெக்ஸ்ட்', 'திஸ் மீன்ஸ்', 'பட் தேர் ஈஸ் எ ப்ராப்ளம்' என்று நாலைந்தைக் கையில் கொடுங்கள். பேச்சு முழுக்கப் பரவியிருந்தால் அவர் தமிழில் யோசித்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார், அந்த இடைவெளியை நிரப்பும் பஞ்சுதான் 'ஆக்சுவலி'. பேச்சின் நீளத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

குரல் ஒரே கோட்டில் ஓடுகிறது, அழுத்தம் தப்பான இடத்தில் விழுகிறது

தமிழில் அசையின் மேல் அழுத்தம் மாறினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். நம் பாடத்தின் பெயரே சாட்சி: 'ப்ரெசென்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பரிசு, இரண்டாவதை அழுத்தினால் வழங்கு. காதால் இதைப் பிடிக்க முடியாத பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட ப்ராட் உதவுகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வேனின்க்கும் உருவாக்கிய இலவச மென்பொருள். டச்சு மொழியில் அந்தப் பெயருக்கு 'பேசு' என்று பொருள். குரலின் சுருதியை அது ஒரு நீலக் கோடாக வரைந்து காட்டும்.

ப்ராட்டில் வரும் முதல் தொல்லை: கோடு துண்டு துண்டாக வருகிறது, அல்லது திடீரென இரண்டு மடங்கு உயரத்துக்குத் தாவுகிறது. மாணவர் குரலில் கோளாறில்லை. பிட்ச் செட்டிங்ஸில் எல்லையை மாற்றுங்கள். ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 வரை வைத்துப் பார்க்கலாம். 'ஸ்', 'ஃப்' வரும் இடங்களில் கோடு அறுந்துதான் இருக்கும், அந்த ஒலிகளில் சுருதியே கிடையாது.

அடுத்த தொல்லை நம்முடையது. மாதிரிக் குரலின் கோட்டை மேலே வைத்து, அதன் உயரத்தைப் பிடிக்கச் சொல்வோம். ஆண் பிள்ளை பெண் குரலின் சுருதியைத் துரத்திக் கத்துவான். பார்க்க வேண்டியது மேடு எந்த அசையில் வருகிறது என்பதை மட்டும். 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில், 'ஃபொட்டாகிரஃபர்' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில். இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பேசி மேடு நகர்வதைப் பார்த்தவர்கள் 'டெவலப்மென்ட்'டின் இரண்டாவது அசையில் மேடு ஏன் வேண்டும் என்று கேட்பதில்லை. ஒரு பேச்சில் ஐந்து சொல் திருத்தினால் போதும், தலைப்பில் வரும் சொல்லிலிருந்து தொடங்குங்கள்.

தானியங்கிக் கேப்ஷன் என்னவோ எழுதுகிறது

பவர்பாயின்டின் சப்டைட்டில், கூகுள் டாக்ஸின் வாய்ஸ் டைப்பிங், இப்படி எதுவானாலும் முதலில் மொழியை 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று மாற்றுங்கள். பாதித் தவறு அங்கேயே உதிர்ந்துவிடும். மீதியை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். இந்தக் கருவிகள் முன்பின் சொற்களைப் பார்த்து ஊகிப்பவை. மாணவர் தப்பாகச் சொன்னாலும் சரியாக எழுதிவிடும், சரியாகச் சொன்ன 'ஒட்டன்சத்திர'த்தை எதையோ ஆக்கிவிடும். ஒரே சொல்லை மூன்று பதிவிலும் மூன்று விதமாக எழுதினால் மட்டும் அந்தச் சொல்லைப் பிடித்துப் பாருங்கள்.

லேபில் ஓடியது, மேடையில் ஓடவில்லை

வீடியோ வரவில்லையா, பிபிடி ஃபைலை மட்டும் பென்டிரைவில் போட்டிருப்பார்கள். இணைப்பாகச் சேர்த்த வீடியோ லேபிலேயே தங்கிவிட்டது. இன்செர்ட் செய்யும்போதே உள்ளே பதியச் சொல்லுங்கள். எழுத்து கலைந்து சிதறினால், சேமிக்கும் ஆப்ஷன்களில் எழுத்துருவையும் உள்ளே வைக்கும் டிக்கைப் போட்டால் சரி. இரண்டு ஓரமும் கறுப்புப் பட்டையா, ஸ்லைடு சதுரம், திரை அகலம், கண்டுகொள்ள வேண்டாம். குறிப்புகள் சுவரில் தெரிந்து ஸ்லைடு லேப்டாப்பில் இருந்தால் பிரசன்டர் வியூவின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் இரண்டையும் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இவை எல்லாவற்றையும் முந்தின நாளே அந்த அரங்கிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டால் தெரிந்துபோகும். சாவி வைத்திருப்பவரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

'தட்ஸ் ஆல், தேங்க் யூ' என்று ஓடிவிடுகிறார்

பூ படம் போட்ட 'தேங்க் யூ' ஸ்லைடை அழிக்கச் சொல்லுங்கள். அது இருக்கும்வரை அதைத் தொட்டதும் ஓடத்தான் தோன்றும். கடைசியாக, பேச்சின் முக்கியமான படத்தையே இன்னொரு முறை நகலெடுத்து வையுங்கள். கேள்வி நேரம் முழுக்க அது திரையில் நிற்கட்டும்.

கேள்வி வந்தால் பதறி, ஸ்லைடுகளைப் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடுவார்கள். அதற்குள் கேள்வி கேட்டவரே மறந்திருப்பார். ஓடும் பிரசன்டேஷனில் ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போய் நிற்கும். 7, என்டர். சொட்டுநீர்ப் பையன் உள்ளங்கையில் எண்களை எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஆசிட் விட்டுக் கழுவுவதைப் பற்றி ஒருவர் கேட்டதும் கையைப் பார்த்தான், 9 தட்டினான், "வெயிட் சார், ஐ வில் ஷோ" என்றான்.